மீண்டும் வந்த கருப்பைவாய்ப் புற்றுநோய்: இரத்தப் பரிசோதனை எண்கள் சொல்வதும் சொல்லாததும்

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்துச் சில மாதங்களோ சில ஆண்டுகளோ நலமாக இருந்தபின், நோய் மீண்டும் தோன்றியவர்களின் குடும்பத்தார் எங்களிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே. ஆய்வக அறிக்கையை மேசைமேல் வைத்து, அதில் தடித்த எழுத்தில் அச்சான ஓர் எண்ணைச் சுட்டிக்காட்டி, "இது கூடியிருக்கிறதே, அம்மா இன்னும் எத்தனை மாதம் இருப்பார்கள்?" என்று கேட்கிறார்கள். அம்மா அப்போது அறைக்கு வெளியே நாற்காலியில் அமர்ந்திருப்பார். அந்த எண் அவருடைய இரத்தத்திலிருந்து வந்தது. ஆனால் அதைப் பற்றி அவரிடம் எவரும் பேசியிருக்க மாட்டார்கள்.

இந்த இதழின் பாடம் அந்த எண்களைப் பற்றியது. மீண்டும் தோன்றிய கருப்பைவாய்ப் புற்றுநோயில் எந்தெந்த இரத்தப் பரிசோதனைகள் நோயின் போக்கை முன்னறிவிக்க உதவுகின்றன, அவை எவ்வளவு தூரம் நம்பத்தக்கவை, அவற்றை அறிந்து நாம் செய்யக்கூடியது என்ன என்பவற்றை இங்கே விளக்குகிறோம். சில பத்திகளில் உயிர்வாழும் காலம் குறித்த புள்ளிவிவரங்கள் வருகின்றன. அவற்றை இப்போது படிக்க விரும்பாதவர்கள் "கூட்டத்தின் கணக்கும் ஒருவரின் வாழ்வும்" என்ற பகுதியைத் தாண்டிச் செல்லலாம். பாடத்தின் மற்றப் பகுதிகள் அதனால் விளங்காமற் போகா.

நோய் மீண்டும் தோன்றுதல்

கருப்பையின் கீழ்ப்பகுதியே கருப்பைவாய். ஹியூமன் பாப்பிலோமா வைரஸ் என்னும் கிருமி அங்கே பல ஆண்டுகள் நீங்காமல் தங்குவதால் இப்புற்றுநோய் உண்டாகிறது. இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் ஏறத்தாழ 1,27,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது என்றும், ஏறத்தாழ 80,000 பெண்கள் இதனால் இறந்தனர் என்றும் உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை மதிப்பிட்டுள்ளது. தொடக்க நிலையில் கண்டறிந்தால் அறுவை சிகிச்சையாலோ, கதிர்வீச்சும் கீமோ மருந்தும் சேர்ந்த சிகிச்சையாலோ இது பெரும்பாலும் குணமாகக்கூடிய நோய்.

முதற்சிகிச்சைக்குப் பின் சிலருக்கு நோய் திரும்புகிறது. அவ்வாறு திரும்புவது பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் நிகழ்கிறது. முன்பிருந்த இடத்திலேயே, அதாவது இடுப்புக்குழிக்குள் திரும்பலாம். நிணநீர்க் கணுக்கள், நுரையீரல், கல்லீரல், எலும்பு போன்ற தொலைவான இடங்களிலும் தோன்றலாம். இந்த வேறுபாடு மிக முக்கியமானது. இடுப்பின் நடுவில் மட்டும் சிறிய அளவில் திரும்பிய நோயைச் சிலருக்குப் பெரிய அறுவை சிகிச்சையால் முற்றிலும் நீக்க இயலும். முன்பு கதிர்வீச்சு பெறாதவராயின் கதிர்வீச்சால் குணப்படுத்தவும் வாய்ப்புண்டு. பல இடங்களில் பரவியிருந்தால், நோயைக் கட்டுப்படுத்தி, வாழ்நாளை நீட்டி, வலியின்றி வைத்திருப்பதே சிகிச்சையின் நோக்கமாக அமைகிறது.

ஆகவே, "எத்தனை மாதம்?" என்ற கேள்விக்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி, "நோய் எங்கே திரும்பியிருக்கிறது?" என்பதாகும். இதற்கு இரத்தப் பரிசோதனை மட்டும் விடை தராது. மருத்துவர் நேரில் பரிசோதிப்பதும், ஸ்கேன் எடுப்பதும், இயன்ற இடத்தில் சதைத்துணுக்கு எடுத்துச் சோதிப்பதுமே விடை தரும்.

குறிப்பான் என்றால் என்ன?

நோயைப் பற்றி நமக்குக் குறிப்பால் உணர்த்தும் பொருளை அல்லது அளவைக் குறிப்பான் என்கிறோம். சில குறிப்பான்கள் புற்றுநோய்க் கட்டியிலிருந்தே இரத்தத்தில் கலப்பவை. வேறு சில, நோய்க்கு உடல் எவ்வாறு ஈடுகொடுக்கிறது என்பதைக் காட்டுபவை.

குற்றாலத்தைச் சுற்றி வாழும் நமக்கு இதை விளங்கிக்கொள்வது எளிது. பேரருவியில் தண்ணீர் பெருகி விழுவதைக் கண்டால் மலைமேல் மழை பெய்திருக்கிறது என்று அறிகிறோம். மழையை நாம் பார்க்கவில்லை; அருவி அதைச் சொல்கிறது. ஆனால் ஒரு நாள் பெருக்கைக் கண்டு, இந்த ஆண்டுச் சாரல் எத்தனை வாரம் நீடிக்கும் என்று எவரும் உறுதி கூறுவதில்லை. மேலே ஒரு மணி நேரம் பெய்த மழையாலும் அருவி திடீரெனப் பெருகும். பல நாள் தொடர்ந்து பார்த்து, காற்றையும் மேகத்தையும் சேர்த்துக் கணித்தே சீசன் எப்படி என்று சொல்வார்கள். இரத்தக் குறிப்பான்களையும் அவ்வாறே படிக்கவேண்டும்.

எஸ்.சி.சி. ஆன்டிஜென்

கருப்பைவாய்ப் புற்றுநோயில் பெரும்பான்மை செதிள் உயிரணு வகையைச் சேர்ந்தது. அவ்வகை உயிரணுக்கள் வெளியிடும் ஒரு புரதமே எஸ்.சி.சி. ஆன்டிஜென். 1977ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர்களான கட்டோ, டோரிகோய் ஆகியோர் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் திசுவிலிருந்து இதைப் பிரித்தெடுத்து, இரத்தத்தில் அளக்கும் முறையை வெளியிட்டனர். பல ஆய்வகங்கள் ஒரு மில்லிலிட்டருக்கு 1.5 நானோகிராம் என்பதை மேல்வரம்பாகக் கொள்கின்றன; சில ஆய்வகங்களின் வரம்பு இதனினும் சற்றுக் கூடுதல்.

சிகிச்சைக்கு முன் இதன் அளவு மிகுந்திருந்தால் நோயின் பருமனும் பரவலும் மிகுந்திருக்க வாய்ப்புண்டு. சிகிச்சையால் அளவு இறங்கி, பின்னர் தொடர்ந்து ஏறினால், நோய் திரும்பியிருக்கலாம் என்பதற்கு அது ஓர் எச்சரிக்கை. வலியோ இரத்தப்போக்கோ தெரிவதற்குச் சில மாதங்கள் முன்னரே இந்த ஏற்றம் சிலருக்குத் தென்படுவதுண்டு. நோய் திரும்பிய நிலையில் இதன் அளவு மிக உயர்ந்திருப்பவர்களின் வாழ்நாள், குறைவாக இருப்பவர்களைவிடச் சராசரியில் குறைவு என்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

ஆயினும் புற்றுநோய் அல்லாத காரணங்களாலும் இது உயரும். சோரியாசிஸ், கரப்பான் போன்ற தோல்நோய்கள், சிறுநீரகச் செயலிழப்பு, சில நுரையீரல் நோய்கள் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. இரத்த மாதிரியில் வியர்வையோ எச்சிலோ சிறிது கலந்தாலும் பொய்யான உயர்வு வரக்கூடும். ஆகவேதான் ஒரே ஓர் உயர்ந்த முடிவைக் கொண்டு எதையும் தீர்மானிக்காமல், சில வாரங்கள் கழித்து மீண்டும் பார்க்கச் சொல்கிறோம்.

ஓர் எடுத்துக்காட்டு. கீழுள்ள எண்கள் பாடத்துக்காக நாங்கள் அமைத்துக்கொண்டவை. சிகிச்சை முடிந்த இரு பெண்களுக்கும் இன்றைய எஸ்.சி.சி. அளவு 3.0 என்று வைத்துக்கொள்வோம். முதலாமவருக்கு முன்னர் எப்போதும் 1.2 அளவிலேயே இருந்தது. இப்போது கைகளிலும் முதுகிலும் சோரியாசிஸ் படர்ந்திருக்கிறது. வேறு தொல்லை இல்லை. தோல்நோய் அடங்கிய ஆறு வாரத்துக்குப் பின் அளவு 1.4. இரண்டாமவருக்கு மூன்று மாத இடைவெளிகளில் 1.0, 2.1, 3.0 என ஏறி வந்திருக்கிறது. இடுப்பிலிருந்து ஒரு காலுக்கு இறங்கும் வலியும் அதே காலில் வீக்கமும் இருக்கின்றன. எண் ஒன்றே, பொருள் வேறு. முதலாமவருக்குத் தோல் மருத்துவம் போதும். இரண்டாமவருக்கு உடனே ஸ்கேன் தேவை.

சுரப்பி உயிரணு வகைப் புற்றுநோயாயின் எஸ்.சி.சி. பெரும்பாலும் உதவாது. அவ்வகையில் சி.ஏ.-125, சி.இ.ஏ. ஆகியவற்றை மருத்துவர் பார்க்கக்கூடும். உங்கள் சதைச் சோதனை அறிக்கையில் எந்த வகை என்று எழுதியிருக்கும். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். எந்தத் தொல்லையும் இல்லாதவர் மாதந்தோறும் எஸ்.சி.சி. பார்ப்பதால் வாழ்நாள் கூடுகிறது என்பது நிறுவப்படவில்லை. மருத்துவர் எழுதாமல் தனியார் ஆய்வகத்தில் பணம் கட்டி இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கவேண்டியதில்லை. அதைவிட, குறித்த நாளில் நேர்ப் பரிசோதனைக்கு வருவதே பயனுள்ளது.

ஹீமோகுளோபின்

இது விலை குறைந்த பரிசோதனை. எல்லா அரசு மருத்துவமனைகளிலும் கிடைப்பது. ஆயினும் நோய்ப்போக்கைக் காட்டுவதில் விலையுயர்ந்த பல பரிசோதனைகளுக்குக் குறைந்ததன்று. கதிர்வீச்சு நன்கு செயற்படத் திசுக்களுக்குள் ஆக்சிஜன் தேவை. இரத்தசோகை உள்ளவர்களின் கட்டிக்குள் ஆக்சிஜன் குறைவாக இருப்பதால் சிகிச்சையின் பயனும் குறைகிறது எனக் கருதப்படுகிறது. சிகிச்சைக் காலத்தில் ஹீமோகுளோபின் நன்றாக இருந்தவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்ததைப் பல நாட்டு ஆய்வுகள் கண்டுள்ளன. அதனால் அதைக் குறைந்தது 10 கிராம் அளவிலாவது வைத்திருக்க மருத்துவர்கள் முயல்கிறார்கள்.

நம் பகுதியில் வயலிலும் பீடித் தட்டின் முன்னும் நாளெல்லாம் உழைக்கும் பெண்கள் பலருக்கு, நோய் வருமுன்பே இரத்தசோகை இருக்கிறது. அதன்மேல் நோயிலிருந்து கசியும் இரத்தமும் சேர்கிறது. மாதுளை, பேரீச்சை, முருங்கைக்கீரை, கருப்பட்டி எல்லாம் நல்ல உணவே. ஆனால் இரத்தம் கசிந்துகொண்டிருக்கும்போது அவை மட்டும் அந்த இழப்பை ஈடுசெய்யா. இரும்புச்சத்து மருந்தோ இரத்தம் ஏற்றுதலோ தேவைப்படும். இரத்தப்போக்கு மிகுந்தால் அதை நிறுத்தவே குறுகிய காலக் கதிர்வீச்சு கொடுப்பதுண்டு. இரத்தம் ஊறச் செய்யும் ஊசிகளைத் தாமாக வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது. அவ்வகை மருந்தைக் கருப்பைவாய்ப் புற்றுநோயில் சோதித்த அமெரிக்க ஆய்வொன்று, இரத்தக் குழாயில் இரத்தம் உறையும் அச்சத்தால் இடையிலேயே நிறுத்தப்பட்டது.

வெள்ளணுக்களின் விகிதம்

சாதாரண இரத்த அணு எண்ணிக்கை அறிக்கையிலேயே நியூட்ரோஃபில், லிம்ஃபோசைட் என்னும் இரு வகை வெள்ளணுக்களின் அளவு இருக்கும். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் கிடைப்பது ஒரு விகிதம். நியூட்ரோஃபில் 6,000, லிம்ஃபோசைட் 1,500 எனில் விகிதம் 4. உடலில் அழற்சி மிகும்போது நியூட்ரோஃபில் கூடுகிறது, நோயை எதிர்க்கும் லிம்ஃபோசைட் குறைகிறது, விகிதம் ஏறுகிறது. மீண்டும் தோன்றிய நோயில் இவ்விகிதம் உயர்ந்திருப்பவர்களின் வாழ்நாள் சராசரியில் குறைவு என்று ஆய்வுகள் கூறுகின்றன. தட்டணுக்களை லிம்ஃபோசைட்டால் வகுத்துப் பார்ப்பதும் இவ்வாறே பயன்படுகிறது.

ஆனால் எந்த அளவுக்கு மேல் "உயர்வு" என்பதில் ஆய்வுகளுக்குள் ஒற்றுமை இல்லை. ஒன்று 2 என்னும். மற்றொன்று 5 என்னும். மேலும் இந்த எண்ணை மாற்றும் காரணங்கள் பல. சிறுநீர்த் தொற்றும் காய்ச்சலும் அதை ஏற்றும். கீமோவுக்கு முன் தரும் டெக்சாமெதசோன் மருந்து ஏற்றும். வெள்ளணுக்கள் குறையும்போது போடும் ஊசியும் ஏற்றும். இடுப்பெலும்பின் மஜ்ஜைமீது கதிர்வீச்சு பட்டவர்களுக்கு லிம்ஃபோசைட் நெடுநாள் குறைவாகவே இருக்கும். மழைக்காலத்து டெங்கு தட்டணுக்களையும் வெள்ளணுக்களையும் குறைக்கும். ஆகவே, கைப்பேசியில் கணக்குப் போட்டு விகிதம் 6 வந்துவிட்டதென்று இரவெல்லாம் உறங்காதிருக்க வேண்டாம். முதலில் காய்ச்சல் இருக்கிறதா என்று பாருங்கள்.

அல்புமின்

கல்லீரல் உண்டாக்கும் இப்புரதம் இரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 3.5 முதல் 5 கிராம் வரை இருப்பது இயல்பு. 3.5க்குக் கீழே இறங்கினால் உடல் நோயின் சுமையால் தளர்கிறது என்று பொருள். இதையும் சி.ஆர்.பி. என்னும் அழற்சி அளவையும் சேர்த்துப் பார்க்கும் கிளாஸ்கோ மதிப்பீடு பலவகைப் புற்றுநோய்களில் பயன்படுகிறது.

அல்புமின் குறைவது வீட்டார் சரியாகச் சமைத்துப் போடாததால் அன்று. நோயின் அழற்சியே அதைக் குறைக்கிறது. இதைச் சொல்லக் காரணமுண்டு: "நான் ஒழுங்காகப் பார்க்கவில்லையோ" என்று மருமகளும் மகளும் தம்மைத் தாமே குற்றம் சாட்டிக்கொள்வதை நாங்கள் பார்க்கிறோம். எனினும் உணவால் உடல்வலிமையை ஓரளவு காக்க முடியும். முட்டை, மீன், பருப்பு, தயிர், நிலக்கடலை, உளுந்தங்களி ஆகியவற்றைச் சிறு சிறு அளவாகப் பலமுறை கொடுங்கள். சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தால் மட்டும் எவ்வளவு புரதம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வாந்தி, வலி, மலச்சிக்கல் இவற்றுக்கு மருந்து கொடுத்தாலே பலருக்குப் பசி திரும்புகிறது.

கிரியேட்டினின்

கருப்பைவாய்க்கு மிக அருகில், சிறுநீரகங்களிலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் இரு குழாய்கள் செல்கின்றன. இடுப்புக்குழியில் நோய் வளர்ந்தால் அவை நெருக்கப்பட்டுச் சிறுநீர் தேங்கும், கிரியேட்டினின் ஏறும். இதனால் நோய்ப்போக்கு பாதிக்கப்படுவதோடு, சிஸ்பிளாட்டின் போன்ற மருந்துகளைக் கொடுப்பதும் கடினமாகிறது. மேலே சொன்ன எஸ்.சி.சி.யும் சிறுநீரகம் செயலிழந்தால் பொய்யாக உயரும் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். இரண்டும் ஒருசேர உயர்ந்தால் எது எதனால் என்று பிரித்தறிய வேண்டும்.

காலந்தாழ்த்தக் கூடாத எண் இதுவே. சிறுநீர் குறைதல், விலாப்புற வலி, முகம் அல்லது கால் வீக்கம், ஓயாத குமட்டல் ஆகியன தோன்றினால் அடுத்த சந்திப்பு நாள் வரை காத்திராமல் வாருங்கள். குழாய்க்குள் ஸ்டென்ட் வைத்தோ, முதுகுப்புறம் சிறு குழாய் இட்டுச் சிறுநீரை வடித்தோ சிறுநீரகத்தைக் காக்கப் பலருக்கு இயலும்.

இன்னும் ஆய்வில் இருப்பவை

கட்டியிலிருந்து பிரிந்து இரத்தத்தில் மிதக்கும் பாப்பிலோமா வைரஸின் டி.என்.ஏ. துணுக்குகளை அளக்கும் முறை இன்று பல நாடுகளில் ஆராயப்படுகிறது. சிகிச்சைக்குப் பின்னும் அவை மறையாதவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு கூடுதல் எனத் தெரிகிறது. ஆயினும் இது இன்னும் அன்றாடப் பரிசோதனையாகவில்லை. பி.டி.-எல்.1 என்பது வேறு. அது இரத்தத்தில் அன்று, கட்டியின் திசுவில் பார்க்கப்படுவது. பெம்ப்ரோலிசுமாப் என்னும் நோயெதிர்ப்பு மருந்து பயன்படுமா என்பதைத் தீர்மானிக்க உதவுவது.

கூட்டத்தின் கணக்கும் ஒருவரின் வாழ்வும்

மேலே "சராசரியில்" என்ற சொல்லைப் பலமுறை எழுதினோம். அச்சொல்லில்தான் இப்பாடத்தின் முடிச்சு இருக்கிறது.

நமக்கு அருகிலுள்ள திண்டுக்கல் மாவட்டத்தில் 2000ஆம் ஆண்டு தொடங்கி ஒரு பெரிய ஆய்வு நடந்தது. கருப்பைவாயில் அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்க்கும் எளிய சோதனையை 31,000க்கு மேற்பட்ட பெண்களுக்குச் செய்தார்கள். 2007இல் வெளிவந்த முடிவின்படி, சோதனைக்கு அழைக்கப்பட்ட கூட்டத்தில் இந்நோயால் நேர்ந்த இறப்பு, அழைக்கப்படாத கூட்டத்தைவிட 35 விழுக்காடு குறைவு. இது உறுதியான உண்மை. ஆனால் அவ்வாறு காப்பாற்றப்பட்ட பெண்கள் எவர் எவர் என்று கேட்டால் அந்த ஆய்வை நடத்தியவர்களாலும் விரல் நீட்டிக் காட்ட இயலாது. கூட்டத்தைப் பற்றி உறுதியாகச் சொல்லும் கணக்கு, தனி ஒருவரைப் பற்றிச் சொல்லாது.

வாழ்நாள் கணக்கும் அத்தகையதே. மீண்டும் தோன்றிய அல்லது பரவிய கருப்பைவாய்ப் புற்றுநோய் கொண்ட 452 பெண்களிடம் நடந்து, 2014இல் வெளிவந்த ஆய்வொன்றில், கீமோ மட்டும் பெற்றவர்களின் இடைநிலை வாழ்நாள் 13.3 மாதம், பெவாசிசுமாப் மருந்தும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 17 மாதம். இடைநிலை என்பதற்கு, பாதிப்பேர் அக்காலத்துக்கு முன்னரும் மறுபாதி அதற்குப் பின்னரும் இறந்தனர் என்று பொருள். 17 மாதம் என்பது எவருக்கும் குறித்த கெடு அன்று. 2021இல் வெளிவந்த வேறோர் ஆய்வில், பெம்ப்ரோலிசுமாப் சேர்த்துப் பெற்றவர்களுள் இரண்டாண்டு முடிவில் உயிருடன் இருந்தோர் ஏறத்தாழ 50 விழுக்காடு. அது பெறாதவர்களுள் 40 விழுக்காடு. நோய் கடுமையானது என்பதையும், மருந்துகள் முன்னேறி வருகின்றன என்பதையும் இவ்வெண்கள் ஒருங்கே சொல்கின்றன.

அமெரிக்க அறிவியலாளர் ஸ்டீபன் ஜே கூல்டு 1982இல் வயிற்றுப்பகுதியில் தோன்றும் அரிய புற்றுநோய் ஒன்றுக்கு ஆளானார். அந்நோயின் இடைநிலை வாழ்நாள் எட்டு மாதம் என்று அவர் நூலகத்தில் படித்தார். புள்ளியியல் அறிந்தவராதலால், தாம் இடைநிலைக்கு எந்தப் பக்கத்தில் இருக்கக்கூடும், அந்தப் பக்கம் எவ்வளவு தொலைவு நீள்கிறது என்று எண்ணிப் பார்த்தார். 1985இல் அதைக் கட்டுரையாகவும் எழுதினார். அவர் மேலும் 20 ஆண்டுகள் வாழ்ந்து 2002இல் மறைந்தார். எல்லாருக்கும் அவ்வாறு அமையும் என்று நாங்கள் சொல்லவில்லை. அது எல்லாருக்கும் அமையாது. ஆனால் எட்டு மாதம் என்ற எண் அவரைப் பற்றிய தீர்ப்பாக இருக்கவில்லை.

இரத்தத்தில் தெரியாத குறிப்பான்கள்

2010இல் அமெரிக்க மகளிர் புற்றுநோய் ஆய்வுக்குழு ஒன்று, மீண்டும் தோன்றிய நோயில் கீமோவின் பயனை முன்னறிவிக்கும் காரணிகளைத் தொகுத்தது. அன்றாட வேலைகளைத் தாமே செய்துகொள்ளும் திறன், நோய் இடுப்புக்குழிக்குள் இருக்கிறதா என்பது, முன்னர் பிளாட்டினம் வகை மருந்து பெற்றாரா என்பது, முதல் நோய் கண்ட ஓராண்டுக்குள் அது திரும்பியதா என்பது ஆகியவை அதில் இடம்பெற்றன. அப்பட்டியலில் ஓர் இரத்தப் பரிசோதனைகூட இல்லை.

எனவே, வீட்டில் உள்ளவர்கள் எங்களுக்குத் தரக்கூடிய மிக நல்ல தகவல் ஆய்வக அறிக்கையில் இல்லை. அம்மா காலையில் எழுந்து முற்றம் தெளிக்கிறாரா, தாமே குளிக்கிறாரா, பகலில் எவ்வளவு நேரம் படுத்திருக்கிறார், சென்ற மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் என்ன மாற்றம் என்பவற்றை நீங்களே அறிவீர்கள். அவற்றைச் சொல்லுங்கள்.

யாரிடம் சொல்வது?

இனி, வெளியே நாற்காலியில் அமர்ந்திருக்கும் அம்மாவிடம் வருவோம். "சொன்னால் தாங்கமாட்டார்கள்" என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். அது அன்பினால் சொல்வது என்பதை நாங்கள் அறிவோம். ஆனால் தனித்துப் பேசும்போது அந்தத் தாய்மார்களுள் பலர், "எனக்குத் தெரியும், பிள்ளைகள் மனம் நோகும் என்றுதான் நான் கேட்கவில்லை" என்கிறார்கள். இரு தரப்பும் ஒருவருக்காக ஒருவர் மறைத்து, இருக்கும் காலம் பேசாமலே கழிகிறது.

எல்லா எண்களையும் அவரிடம் சொல்லவேண்டும் என்பது எங்கள் கருத்தன்று. எவ்வளவு அறிய விரும்புகிறார் என்பதை முதலில் அவரிடமே கேட்கவேண்டும் என்கிறோம். சிலர் முழுவதும் அறிய விரும்புவர். சிலர், "மூத்தவனிடம் சொல்லுங்கள்" என்பர். இரண்டும் அவருடைய உரிமை. பேத்தியின் சடங்கு, வீட்டுப் பத்திரம், குலதெய்வக் கோயிலுக்கு ஒருமுறை போய்வருதல் என ஒவ்வொருவருக்கும் முடிக்கவேண்டிய காரியங்கள் உண்டு. அவற்றுக்குக் காலம் ஒதுக்க உதவுவதே நோய்ப்போக்கை முன்னறிவதன் தலையாய பயன்.

நீங்கள் செய்யக்கூடியவை

ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, ஹீமோகுளோபின், அல்புமின், கிரியேட்டினின், எஸ்.சி.சி. என்று வரிசையாக எழுதி வாருங்கள். அன்று காய்ச்சல், தோல்நோய், புதிய மருந்து ஏதேனும் இருந்தால் அருகிலேயே குறியுங்கள். இயன்றவரை ஒரே ஆய்வகத்தில் பாருங்கள். முறை மாறினால் எண் மாறும். தொலைவிலிருந்து மாதிரியை அனுப்பும்போது அது குலுங்கிச் சிவப்பணுக்கள் உடைந்தால் எல்.டி.எச்., பொட்டாசியம் ஆகியவை பொய்யாக உயர்ந்து காட்டும். ஐயம் இருந்தால் மீண்டும் எடுப்பதே சரி.

மருத்துவரிடம் இந்நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இந்த எண் மாறியதற்கு நோயைத் தவிர வேறு காரணம் உண்டா? இதைச் சரிசெய்ய மருந்தோ முறையோ உண்டா? இதனால் சிகிச்சைத் திட்டம் மாறுகிறதா? அடுத்து எப்போது பார்க்கவேண்டும்? சிகிச்சைத் திட்டத்தை மாற்றாத எண்ணுக்காக மீண்டும் மீண்டும் இரத்தம் கொடுக்கவேண்டியதில்லை.

தென்காசி தனி மாவட்டமாகி 2019 நவம்பர் 22இலிருந்து சில ஆண்டுகளே ஆகின்றன. கதிர்வீச்சுக்கும் சில உயர் பரிசோதனைகளுக்கும் இங்குள்ளோர் திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ, செங்கோட்டை வழியாகத் திருவனந்தபுரத்துக்கோ செல்லவேண்டியிருக்கிறது. ஒவ்வொரு பயணமும் நோயாளிக்கு உடல் நோவு. வீட்டுக்கு ஒரு நாள் கூலி இழப்பு. ஆதலால் இரத்தப் பரிசோதனைகளை ஊரிலேயே முடித்து முடிவுகளைக் கையோடு கொண்டுசெல்ல முடியுமா என்று கேளுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் முதல் நாளே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் காட்டுங்கள். வலிநிவாரண, ஆதரவுச் சிகிச்சை வீட்டிலேயே கிடைக்க, 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டப் பணியாளரிடமோ அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பதிவு செய்யுங்கள். ஆதரவுச் சிகிச்சை என்பது கைவிடுதல் அன்று. கீமோ நடக்கும்போதே அதுவும் தொடங்கலாம், தொடங்கவும் வேண்டும்.

பாடத்தின் சுருக்கம்

இரத்தக் குறிப்பான்கள் பொய் சொல்வதில்லை. ஆனால் நாம் கேட்காத கேள்விக்கு அவை விடை சொல்வதுமில்லை. எஸ்.சி.சி. ஏறினால், எங்கே நோய் என்று தேடச் சொல்கிறது. ஹீமோகுளோபின் இறங்கினால், இரத்தத்தை ஈடுசெய்யச் சொல்கிறது. கிரியேட்டினின் ஏறினால், சிறுநீரகத்தை உடனே காக்கச் சொல்கிறது. அல்புமின் இறங்கினால், உணவையும் வலியையும் கவனிக்கச் சொல்கிறது. எத்தனை நாள் என்று அவற்றுள் எதுவும் எந்த ஒரு பெண்ணுக்கும் சொல்லவில்லை.

அடுத்த முறை அறிக்கையுடன் வரும்போது அம்மாவையும் உள்ளே அழைத்து வாருங்கள். அவர் விரும்பும் அளவுக்கு அவரிடமே சொல்வோம். மீதியை எல்லாரும் சேர்ந்து அமர்ந்து பேசுவோம்.